மேனேஜரும் மதயானையும்

கேள்வி: 'பெர்செர்க்' என்றால் கோபக்காரரா? எங்கள் மேனேஜரை அப்படிச் சொல்லலாமா?
(திருச்சி வாசகர்)

பதில்: மேனேஜர் கத்துவதோடு விட்டுவிடுகிறார் என்றால் 'ஆங்ரி' போதும். மேஜையைக் கவிழ்த்து, கம்ப்யூட்டரை உடைத்து, தடுக்க வந்த வாட்ச்மேனுக்கும் நாலு சாத்து சாத்தினால், 'ஹி வென்ட் பெர்செர்க்' என்று தாராளமாக எழுதுங்கள். (மெமோ வந்தால் நான் பொறுப்பல்ல.) கோபக்காரருக்கு யார் மேல் கோபம் என்பதாவது தெரியும். பெர்செர்க் ஆனவர் கையில் அகப்பட்டவரையெல்லாம் போட்டுச் சாத்துவார். இந்தச் சொல் பெரும்பாலும் 'கோ', 'வென்ட்' இவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். 'எ பெர்செர்க் மேனேஜர்' என்று எழுதினால் இலக்கணம் இடிக்காது, காதில் இடிக்கும்.

கேள்வி: அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
(அதே வாசகர். விடமாட்டார் போலிருக்கிறது!)

பதில்: ஸ்காண்டிநேவியாவிலிருந்து. பழைய நார்ஸ் மொழியில் 'பெர்செர்க்ர்'. பின்பாதிக்குச் சட்டை என்று பொருள். தகராறெல்லாம் முன்பாதியில்தான். கரடித்தோல் சட்டைக்காரன் என்கிறது ஒரு கட்சி. சட்டையே இல்லாதவன் என்கிறது எதிர்க்கட்சி. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய கதையில், ஓடின் தெய்வத்தின் ஆட்கள் கவசமின்றிப் போருக்குப் போய், வெறி தலைக்கேறித் தங்கள் கேடயத்தையே கடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட பழைய சதுரங்கக் காய்களிலும் இவர்கள் உண்டு. பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. கோட்டை நிற்கவேண்டிய கட்டத்துக்கு ஒரு போர்வீரன். முழி பிதுங்க, கேடயத்தின் மேல் விளிம்பில் பல்லைப் பதித்திருக்கிறான்.

வெறிக்குக் காரணம் விஷக்காளான் என்று 1784இல் ஸ்வீடன்காரர் சாமுவேல் ஓட்மன் சொன்னார். நிரூபிக்கத்தான் ஆளில்லை. எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்தின் பழைய சட்டம்: பெர்செர்க் ஆனவனுக்கு மூன்றாண்டு நாடுகடத்தல், பக்கத்தில் இருந்தும் பிடித்து நிறுத்தாத ஆண்களுக்கும் அதே தண்டனை! உங்கள் ஆபீசில் இது அமலானால் மேனேஜரோடு அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனே ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

கேள்வி: திருவிழாவில் யானை ஓடினால் பேப்பரில் 'பெர்செர்க்' என்கிறார்களே, மதம் பிடித்தது என்றுதானே அர்த்தம்?
(கும்பகோணம் வாசகி)

பதில்: இல்லை, அம்மா. மதம் உடம்பு சமாச்சாரம். ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் ஒழுகும், டெஸ்டோஸ்டிரோன் எகிறும். ஆங்கிலத்தில் அதற்கு 'மஸ்த்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. வேட்டுச் சத்தத்தில் மிரண்டு ஓடும் யானைக்கு வெறியுமில்லை, மதமுமில்லை. பாவம், பயம். காதடியில் அதிர்வேட்டு போட்டவரை யாரும் பெர்செர்க் என்று எழுதுவதில்லை.

கேள்வி: 'ரன் அமோக்' என்பதும் இதுதானா?
(மதுரை வாசகர்)

பதில்: கிட்டத்தட்ட. அது மலாய்ச் சரக்கு, அங்கே 'அமுக்'. நம் 'அமுக்கு'வுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் அமுக் ஆனவரை அடக்க, நாலு பேர் சேர்ந்து அமுக்கித்தான் ஆகவேண்டும்.