சூடான கேள்வி, தண்ணீர் பதில்

கே: ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கிறேன். ஓவர்கிளாக் செய்தால் கேம் பறக்குமா?

ப: ஏற்கெனவே பறந்துகொண்டுதானே இருக்கிறது! 2022-இல் வந்தபோதே என்விடியா குறித்த பூஸ்ட் வேகம் 2,520 மெகாஹெர்ட்ஸ். மின்சாரப் பசி 450 வாட். முட்டி மோதி 3,000-ஐத் தொட்டாலும் திரையில் கூடுவது சில ஃப்ரேம்கள்தான். அதற்காக மின்னழுத்தத்தை ஏற்றினால், சூடு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். லாபம் கூட்டல் கணக்கு. சூடு பெருக்கல் கணக்கு.

கே: அதற்குத்தானே வாட்டர் கூலிங்? அறையும் குளிருமே?

ப: தண்ணீர் சூட்டை விழுங்காது, சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து நேரே உங்கள் அறைக்கு! அறை 38 டிகிரியில் இருந்தால் தண்ணீரும் அதற்குக் கீழே இறங்காது. கார்டு நிம்மதியாகும், விசிறிச் சத்தம் அடங்கும். வியர்ப்பது நீங்கள்.

கே: குழாய்த் தண்ணீரே ஊற்றலாமா?

ப: வேண்டாம். வாட்டர் பிளாக்கின் உள்ளே தாமிரத் தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான். உப்பு படிந்தால் அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டரும் பாசித் தடுப்பு மருந்தும் ஊற்றுங்கள். தாமிர பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பது பொருந்தாத சம்பந்தம். அலுமினியம் அரித்தே போய்விடும்.

எல்லாம் மாட்டியதும் கார்டுக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். நனைந்தால் பேப்பர்தான் போச்சு. இந்தச் சோதனையைத் தவிர்த்தால், போவது ஒன்றரை லட்சமாக இருக்கலாம்!