பதிவுக்குக் காத்திருக்கும் ஆலோசகரின் விண்ணப்பம்

வியாபாரப் பெயர்ப் பதிவுப் பிரிவின் பெருமதிப்புக்குரிய உத்தியோகத்தர் அவர்களுக்கு,

பூனாகலைத் தோட்டத்து லயக் காம்பரா ஒன்றிலிருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஓர் ஆலோசனை நிலையம் தொடங்கத் துணிந்துவிட்டேன். வயிற்றெரிச்சல்படாமல் வாசிக்கவும்.

தொழில் வேறொன்றுமில்லை, இபிஎப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுக்க வழி சொல்வது. தொழிலாளி சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். தோட்டம் 12 வீதம் போட வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதானால் எடுக்கலாம். எடுக்கப் போனால்தான் கூத்து. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சிங்களத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்று பேரும் ஒரே கிழவிதான் என்று நிரூபிக்க அவர் சத்தியக் கடதாசியோடு பண்டாரவளைக்கு இறங்க வேண்டும். இறங்கிய அன்றைக்குச் செக்றோலில் பேர் கிடையாது. ஒரு நாள் சம்பளம் போச்சு, 2024 செப்டம்பரில் ஏற்றிய கணக்குப்படி அது 1,350 ரூபாயாக இருந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவனை நீங்கள் உங்கள் படிவத்திலேயே மடக்கிவிட்டீர்கள். தொழில் நடத்தும் இடத்துக்குக் காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் வேண்டுமாம். காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, ஒழுகுகிற தகரம் மட்டும் எங்களுடையது. தகரத்துக்கு உறுதி எழுதுவார்களா ஐயா?

1992இல் அந்தத் தோட்டக் கம்பனிகளும் ஆலோசகர் மாதிரித்தான் மலையேறின. தோட்டத்தை நிர்வகித்துத் தர முகாமைக் கட்டணம் வாங்கின. பிறகு 53 வருடக் குத்தகை கைக்கு வந்தது. ஆலோசனைத் தொழிலில் இவ்வளவு முன்னேற்றம் உண்டென்று தெரிந்துதான் நானும் இறங்கினேன். எனக்கு மலை வேண்டாம், பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா போதும்.

உறுதி இல்லாவிட்டால் தோட்டத் துரையிடம் சம்மதக் கடிதம் வாங்கி வா என்கிறீர்கள். பன்னிரண்டு வீதம் ஒழுங்காகப் போனதா என்று என் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்கப்போவது அவருடைய ஆபிசில்தான். அவரே ஒப்பம் வைத்து என்னை வாழ்த்த வேண்டுமாம். நல்ல யோசனை. இதற்கு நீங்கள் கட்டணம் வாங்காதது பெருந்தன்மை.

இடம் நிலையானதா என்றும் ஒரு கேள்வி. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மண் சரிந்து மலை இறங்கியது. 2023 மார்ச்சில் இங்கே கபரகலையில் இறங்கியது. அப்போதெல்லாம் காம்பராவை விட்டு எழும்ப எவரும் துரையின் கடிதம் கேட்கவில்லை. அதே காம்பராவில் ஒரு பெயர்ப்பலகை மாட்டத்தான் கடிதம் வேண்டியிருக்கிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். தேர்தல் காலத்தில் எங்களை இந்த லயத்து ஆட்களென்று வாக்காளர் இடாப்பு ஒத்துக்கொள்கிறது. உறுதிக்குப் பதிலாக அந்த இடாப்பின் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் ஏற்றுப் பதிவு செய்து தாருங்கள். பதிலைத் தபாலில் போட வேண்டாம், அது தோட்ட ஆபிசுக்குத்தான் போகும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதிவில்லாத ஆலோசகர்,
பூனாகலை