விளைந்தது யார் நிலத்தில்?

கேள்வி: பூந்தமல்லிப் பக்கம் வயலெல்லாம் வீட்டுமனை ஆகிவிட்டது. விவசாயி பெயரில் வரும் அரசுப் பணம் யாருக்குப் போகிறது என்று நாம் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: தாராளமாக! பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறுவோர் பட்டியல் ஊர்வாரியாக இணையத்தில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது, தமிழ்நாட்டில் விவசாயிகள் மட்டும் அமோகமாக விளைந்தார்கள்! அதிகாரிகளின் கடவுச்சொல்லையே விதையாக்கி, தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை மோசடிக்காரர்கள் இந்தத் திட்டப் பட்டியலில் நட்டிருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் அறுவடை. பிறகு களையெடுக்க சி.பி.சி.ஐ.டி. வந்தது. மானியம் பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4. ஆகவே திருவள்ளூர் மாவட்டப் பட்டியலில் பூந்தமல்லிப் பக்கத்து ஊர்களைத் தேடிப் பாருங்கள். ஏர் பிடிக்காத பெயர் ஏதும் இருந்தால் வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள்.