கைமருந்து அண்ணை

தண்ணீரூற்றுச் சந்தியில் நின்று யாராவது இரண்டு தரம் இருமினால் போதும். மூன்றாவது இருமலுக்கு முன் ஒரு சைக்கிள் வந்து நிற்கும்.

"ஆடாதோடை அவிச்சுக் குடிச்சுப் பார்த்தனியோ?"

அவர்தான் கைமருந்து அண்ணை. ஊருக்கு ஒருவர் உண்டு. முள்ளியவளைக்காரரும் குமுழமுனைக்காரரும் தங்கள் ஊர் அண்ணையை நினைத்துக்கொள்ளலாம். எங்கள் அண்ணையின் மருத்துவம் முழுவதும் ஒரே வசனத்தில் அடங்கும்: "மூலிகைதானே, ஒண்டும் செய்யாது." ஒன்றும் செய்யாததை ஏன் மாமா குடிக்கவேண்டும் என்று கேட்ட மருமகன் இப்போது அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை.

இயற்கை வைத்தியமும் உண்டு. விடிய வெறும் வயிற்றில் மூன்று செம்பு தண்ணீர். "ஊரின்ர பேரே தண்ணி. பிள்ளையார் சும்மாவே ஊற்றங்கரையில வந்து இருந்தவர்?" இதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை.

அண்ணைக்குச் சீனி வருத்தம். பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் குளிசை கொடுத்திருக்கிறார்கள். குளிசைக்குத் துணையாகச் சிறுகுறிஞ்சாச் சம்பல், நாவல்கொட்டைத் தூள், பாகற்காய்ச் சாறு. போதாதென்று கொழும்பிலிருந்து ஒரு கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பை: இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் குடிப்பது. இவ்வளவும் வேணுமோ என்று மனைவி முணுமுணுத்தால், "வற்றாப்பளை அம்மன் கோயிலில உப்புத்தண்ணியில விளக்கு எரியுது. கசாயத்தில சீனி எரியாதோ?"

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் கொரோனாவுக்குப் பாணி காய்ச்சினார். ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது. போக முடியாமற் போனது அண்ணைக்கு இன்றும் ஆறாத கவலை. அதைக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு அடுத்த மாதமே கொரோனா வந்ததை நினைவூட்டினேன். "அவ பத்தியம் காத்திருக்கமாட்டா."

பழைய பரியாரிமாரை இவரோடு சேர்க்க எனக்கு மனம் வராது. விஷகடி பார்ப்பவர் முறிவு நெரிவில் கை வைக்கமாட்டார். முறிவுக்காரர் கண்ணைத் தொடமாட்டார். "இது என்னால ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்வதும் அவர்கள் வைத்தியத்தில் ஒரு பகுதி. அண்ணையின் ஏட்டில் அந்தப் பக்கம் மட்டும் செல்லரித்துப் போயிற்று.

ஒருநாள் காலை அவர் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, கிணற்றடியில் சரிந்தார். மனைவி சீனித்தண்ணீர் பருக்கி எழுப்பினார். மறுநாளே சித்த வைத்தியரிடம் இழுத்துப் போனார். வழித்துணை நான்.

வைத்தியர் இளம் பெண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். கைதடிப் பக்கம் அந்தப் படிப்பை முடித்து, ஒரு வருடம் பயிற்சி எடுத்து, ஆயுர்வேத வைத்திய சபையில் பதிந்தவர். அண்ணை அந்தச் சான்றிதழைப் பார்க்கவில்லை. "பிள்ளை ஆற்றை மகள்?" என்று பரம்பரையைப் பதிந்துகொண்டார்.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடிக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. மொழிக்கு, அதாவது நோயாளியின் குரலைக் கேட்பதற்கு, இருபத்தைந்து. தனக்கு என்ன வருத்தம், என்ன குடிநீர், அதை எட்டுக்கொன்றாய் வற்றவைக்க எந்த விறகு என்று எல்லாம் அண்ணையே சொல்லி முடித்தார். கையெழுத்து ஒன்றுதான் குறை.

"இப்ப வேற என்ன மருந்து எடுக்கிறியள் ஐயா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

மனைவி ஒன்றும் பேசவில்லை. கொண்டுவந்த உமலை மேசையில் கவிழ்த்தார். போத்தல், சரை, மரக்கோப்பை. கடைசியாக ஒரு போத்தல் உருண்டு என் காலடிக்கு வந்தது.

"அது மருந்தே? கைமருந்து."

வைத்தியர் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். "ஐயா, குளிசையும் சீனியைக் குறைக்குது. குறிஞ்சாவும் குறைக்கும், பாகற்காயும் குறைக்கும், இந்தக் கோப்பைத் தண்ணியும் குறைக்கும். நாலு பேர் ஒரு பக்கமாக் கயிறு இழுத்தால் விழாமல் என்ன செய்வியள்? குளிசையை நிப்பாட்டாதேங்கோ. மற்றது எல்லாத்தையும் இரண்டு கிழமைக்கு நிப்பாட்டிப் போட்டு, சீனி பார்த்த துண்டோட வாங்கோ. கிளினிக் டொக்டரிட்டையும் இதெல்லாம் குடிச்சனான் எண்டு சொல்லுங்கோ."

"மருந்து?"

"இதுதான் மருந்து."

வெளியே வந்ததும் அண்ணை சைக்கிளை எடுத்தார். "ஒரு வேர்க்கொம்புத் துண்டு கூடத் தரேல்லை. இதுக்கோ ஆறு வருசம் படிச்சது?" மனைவி உமலைக் கொடுக்கவில்லை.

இரண்டு கிழமை அவர் கை நடுக்கமில்லாமல் ஊரெல்லாம் சைக்கிளோடினார். பிறகு ஒருநாள் முள்ளியவளைச் சந்தையில் அவர் குரல் கேட்டது. சீனி வருத்தக்காரர் ஒருவரை மரக்கறிக்காரருக்கும் தராசுக்கும் நடுவில் மடக்கியிருந்தார்.

"எல்லா மருந்தையும் இரண்டு கிழமைக்கு நிப்பாட்டு. பெரிய டொக்டரே சொன்னது. வெறும் வயித்தில இந்தக் குறிஞ்சாவை மட்டும் எடு."