நடுவில் உள்ள எட்டு மணி நேரம்: ஒரு பால்கனி ஆய்வு

அடுத்தவர் தம் ஓய்வு நேரத்தை எப்படிப் பாழாக்குகிறார் என்பது பற்றி நம்மில் எல்லோருக்கும் கருத்து உண்டு. முறையான ஆய்வுதான் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி பால்கனி. கருவிகள்: பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, காபி இரண்டு டம்ளர், முகத்தை மறைத்துக்கொள்ள முந்தைய நாள் செய்தித்தாள். காலம்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அந்த நான்கு ஞாயிறும் ஆய்வாளர் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்று வீட்டுக்குள்ளிருந்து எழுந்த ஆட்சேபம் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதன்மைத் தரவு, முதல் மாடிக்காரர். காலை ஏழரைக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக் கழுவ இறங்குவார். கிழிந்த பனியன் துணி, ஷாம்பு பாக்கெட் ஒன்று, ஸ்போக்ஸ் இடுக்குக்கு ஒரு பழைய டூத் பிரஷ். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவார். அது சுற்றி ஓய்கிறவரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மறுபடியும் சுற்றுவார். முடிய ஒன்பதே முக்கால் ஆகும். இத்தனையும், தினம் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடி, மிச்ச நேரமெல்லாம் ரயில் நிலைய ஸ்டாண்டில் தூசி வாங்கும் வண்டிக்கு. குறிப்பேட்டில் 'இரண்டே கால் மணி நேரம்; வெட்டி' என்று பதிந்தேன். அப்போது பக்கத்து பால்கனியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாக்கின் நுனியை மேல்பல்லின் பின்னால் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் வருவது. 'ப்ச்' என்று எழுதிப் பார்க்கிறார்கள், 'ச்சு' என்கிறார்கள், இரண்டும் அதுவல்ல. தொல்காப்பியர் முதலெழுத்து 30, சார்பெழுத்து 3 என்று கணக்கை முடித்துவிட்டார்; இதற்கு இடம் கொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் சூலு, சோசா மொழிகளில் இந்த வகை ஒலிகள் முறையான மெய்கள், சொல்லுக்குள்ளேயே புழங்குபவை. நம்மிடமோ அது தனியாக நின்றே ஒரு முழு வாக்கியம். எழுவாய், அடுத்த வீட்டுக்காரன். பயனிலை, உருப்பட மாட்டான்.

சத்தத்துக்குச் சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்ற மாமா. "இந்த ரெண்டு மணி நேரம் குரூப் ஃபோருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் தாலுகா ஆபீஸ்ல உட்கார்ந்திருப்பான் சார்" என்றார். கீழே இருந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வேறொரு ஆபீஸில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் மாமாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஒருவர் தூண்டில் போட்டாலும் புறா வளர்த்தாலும் மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்தாலும், எல்லாம் கடைசியில் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வின் தராசில்தான் ஏறும். மாமா காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பதினோரு வாட்ஸாப் குழுக்களுக்குத் தாமரைப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்புவார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'டச்ல இருக்கிறது'.

வள்ளுவரே மடியின்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார் என்றும் மாமா நினைவூட்டினார். உண்மை, 61ஆம் அதிகாரம். ஆனால் நாங்கள் இருவரும் அந்த பால்கனிகளில் நின்று செய்துகொண்டிருந்ததற்கு அதற்கு முன்பே இரண்டு அதிகாரம் ஒதுக்கிவிட்டார்: 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அந்த மனிதருக்கும் ஒரு பால்கனி இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வெப்ளன் என்றொரு பொருளாதார அறிஞர் 1899இல் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வசதி படைத்தவர்கள் தாங்கள் வேலை செய்யத் தேவையில்லை என்பதை ஊருக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். எங்கள் குடியிருப்புக்கு அது ஒத்துவராது. இங்கே பென்ஷன் வாங்குகிறவரும் "மூச்சு விட நேரமில்லை" என்றுதான் பெருமைப்படுகிறார்.

சரி, எது வெட்டி, எது இல்லை என்று எப்படி முடிவு செய்வது? பொதுமக்கள் கைவசம் ஒரே ஒரு சோதனைதான்: 'இது சோறு போடுமா?' இந்தச் சோதனையின் விசேஷம், முடிவை முன்தேதியிட்டு வழங்குவது. வடசென்னைத் தெருமுனைகளில் தலைக்கு மேல் ஒரு பல்ப், பலகையில் போரிக் பவுடர், சுற்றிலும் பத்துப் பேர் என்று கேரம் நடந்தபோது அவர்கள் 'கேரம் போர்டுல குப்புற விழுந்து கிடக்கிற பசங்க'. சென்னையின் மரிய இருதயம் உலக சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது வாங்கினார். 2024இல் அதே வடசென்னையின் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். பதக்கம் வந்ததும் பழைய மாலைகள் எல்லாம் ஒரே நாளில் 'பிராக்டீஸ்' ஆகிவிட்டன. பதக்கம் வராத பத்துப் பேரின் மாலைகள் இன்னும் வெட்டிக் கணக்கில்தான் நிற்கின்றன. பல்ப் ஒன்றுதான், பவுடரும் ஒன்றுதான்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில் ஒரு பையன் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல், சிலேட்டில் எதையோ எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தான். அவன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் தெரு நிம்மதியடைந்திருக்கும் என்பது என் ஊகம். 1918இல் ராயல் சொசைட்டி அந்த ராமானுஜனை உறுப்பினராக்கியது. தெரு தன் சத்தத்தை வாபஸ் வாங்கியதா என்பதற்குத்தான் கல்வெட்டு இல்லை.

கல்வெட்டு என்றதும் 'வெட்டி' என்ற சொல்லே நினைவுக்கு வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இது அடிக்கடி அடிபடும் சொல். அங்கே இதற்குச் சோம்பல் என்று பொருளில்லை. ஏரிக்கரை, வாய்க்கால், கோயில் என்று ஊருக்காகக் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய உழைப்பு, வெட்டி. இடுப்பொடிய மண் சுமந்தவன் செய்தது வெட்டி. இன்று திண்ணையில் சாய்ந்திருப்பவன் செய்வதும் வெட்டி. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: கூலி கிடையாது. ஆக, ஆயிரம் வருஷமாக இந்தச் சொல் உழைப்பை அளக்கவில்லை, சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று இந்த ஆய்வாளர் முடிவுகட்டுகிறார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம். ஞாயிறு காலை பால்கனியில்தான் இருப்பேன்.

ஓய்வு என்பதே சண்டை போட்டு வாங்கியது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் உறக்கம் என்று பிரிட்டனில் ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் 1817இல் பங்கு பிரித்தார். 1923 மே 1இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, ஒரு நாள் விடுமுறையும் தந்தது. முதல் எட்டுக்கு மேஸ்திரி உண்டு. மூன்றாவதில் கண்ணை மூடிவிடுகிறோம். நடுவில் உள்ள எட்டு மணி நேரத்தை மேற்பார்க்க எந்தச் சட்டமும் யாரையும் நியமிக்கவில்லை. அந்தக் காலியிடத்தைத்தான் மாமாக்கள் நிரப்பினார்கள், அதுவும் கூலியில்லாமல். மெரினாவில் உழைப்பாளர் சிலையின் நால்வர் 1959 முதல் அந்தப் பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். யாரும் அவர்களை ஒரு சொல் சொன்னதில்லை. அவர்களைத் தாண்டி மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பவர்களைத்தான் சொல்கிறோம்.

அரசாங்கமும் இதில் இறங்கியது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தி, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் விடிகாலை நாலு மணி தொடங்கி மறுநாள் நாலு வரை அரைமணிக்கு அரைமணி என்ன செய்தீர்கள் என்று கேட்டது. கேட்டதோடு சரி, 'ப்ச்' கொட்டவில்லை. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்தைத்தான், மாமியைப் பற்றி விசாரித்தபோது, மாமா "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று சுருக்கினார். சோழர் காலத்து அதிகாரிக்கு இது உடனே புரிந்திருக்கும்.

ஆய்வின் நான்காம் ஞாயிறு மழை. முதல் மாடிக்காரர் இறங்கவில்லை. தரவு வேண்டி வீட்டுக்குள் திரும்பினேன். அம்மா டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் கவனிக்காதது, அம்மா ஒருநாளும் வெறுமனே சீரியல் பார்த்ததில்லை. மடியில் முறம் இருக்கும். முறத்தில் கீரையோ பட்டாணியோ சின்ன வெங்காயமோ இருக்கும். கண் திரையில், கை முறத்தில். விளம்பரம் வந்தால்தான் குனிந்து பூச்சி பார்ப்பாள். அன்றைக்கு முறம் காலி. பத்து நிமிடம் விரல்களைப் புடவைத் தலைப்பில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சும்மா உட்கார்ந்து பாக்க ஒரு மாதிரியா இருக்குடா. பூண்டு இருந்தா எடுத்துட்டு வா, உரிச்சு வெக்கிறேன்" என்றாள்.

ஃப்ரிட்ஜில் உரித்த பூண்டு ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய இருந்தது. நான் உரிக்காததைத் தேடி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.