அலெக்சாவை விளித்தல்: தொல்காப்பிய நோக்கில் ஓர் ஆய்வு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் நான்காம் இயல் விளிமரபு. யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கே ஓர் இயலை முழுதாக ஒதுக்கிய இலக்கணம் நம்முடையது. அப்படிப்பட்ட நாம், வரவேற்பறை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உருளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி நிற்கிறோம். தமிழ்த்துறைகள் இதைக் கண்டுகொள்ளாதது வியப்பே. இதைவிடச் சிறிய பொருளுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் வரையறை. தூங்குவதுபோல் பாசாங்கு செய்யும் கருவியை எழுப்பும் சொல் விழிப்புச்சொல் எனப்படும். பாசாங்கு என்றது என்னை எனின், அதன் மைக் மூடுவதே இல்லை. கடைசிச் சில நொடிகளின் ஒலியை எழுதி அழித்து எழுதி அழித்து, உள்ளே ஒரு குட்டி நரம்பு வலைப்பின்னல் 'இது என் பெயர்தானா?' என்று ஓயாமல் மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கிறது. மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் விளக்கு எரியும். வரம்பைத் தாழ்த்தினால் தெருவில் யார் இருமினாலும் 'என்னையா?' என்று எழுந்துகொள்ளும். உயர்த்தினால் வீட்டுக்காரர் கத்தினாலும் எழாது. முன்னது மிகை, பின்னது குறை. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும் என்பதே இத்துறையின் தலைவிதி.

இத்துறையின் ஆதிநாயகர் ஒரு நாய். 1920களில் அமெரிக்காவில் விற்ற 'ரேடியோ ரெக்ஸ்' என்னும் பொம்மை அது. செல்லுலாய்டு நாயை மின்காந்தம் ஒன்று கூண்டுக்குள் இழுத்துப் பிடித்திருக்கும். 'ரெக்ஸ்' என்று கூப்பிட்டால், அந்த எகரத்தில் 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும் ஆற்றல் ஒரு தகட்டை அதிர வைத்து மின்னோட்டத்தை அறுக்கும். சுருள்வில் நாயை வெளியே தள்ளும். நாய்க்குத் தன் பெயர் தெரியாது. 500 ஹெர்ட்ஸ் தெரியும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1952இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் பார்னியும் ஆங்கில உயிரொலிகளை அளந்தார்கள். இதே எகரத்தின் முதல் அதிர்வு முகடு ஆண்களுக்குச் சராசரியாக 530 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 610, குழந்தைகளுக்கு 690. தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் குட்டையாக இருந்தால் முகடு மேலே ஏறும், அது உடற்கூறு. ஆகவே குழந்தைக்கென்று வாங்கிய நாய், அப்பா கூப்பிட்டால்தான் ஒழுங்காக வந்திருக்கும் என்பது பெறப்படும். யார் கூப்பிட்டால் எழுவது என்கிற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

நாயிலிருந்து நங்கைக்கு வருவோம். 2014இல் அமேசான் வெளியிட்ட எக்கோ உருளைக்கு வைத்த பெயர் அலெக்சா. ரெக்சுக்கும் அலெக்சாவுக்கும் பொதுவாக இருப்பது அந்த 'எக்ஸ்'. மற்ற பேச்சோடு எளிதில் கலந்துவிடாத அழுத்தமான ஒலி என்பதால் அதைத் தேர்ந்தார்களாம். கலக்காதது உண்மைதான், தமிழ் வாயில் நுழைவதும் இல்லை. நம் பாட்டிமார் அதை அலச்சா, எலக்சா, அலெக்கிசா என்று சமன்செய்துகொண்டார்கள். ஆங்கிலேயர் நடுவில் 'லெ'வை மட்டும் ஓங்கி அடித்து, முன்னும் பின்னும் உள்ள உயிர்களை வாடவிடுவார். நாமோ அனைத்துக்கும் முழு மாத்திரை கொடுத்து, ஈற்றில் ஓர் ஆகாரமும் வைப்போம். யாப்புப்படி அலெக்சா புளிமா, கூகுள் தேமா. ஆப்பிளின் சிரி, வெண்பாவின் ஈற்றில் மட்டும் நிற்கத் தக்க மலர்.

இனி விளி. உயர்திணைப் பெயர்களில் இ, உ, ஐ, ஓ என்ற நான்கு உயிரீறுகளே விளி ஏற்கும், ஏனைய உயிர்கள் ஏலா என்கிறார் தொல்காப்பியர். நம்பி நம்பீ ஆகும், நங்கை நங்காய் ஆகும். அலெக்சா ஆகார ஈறு. ஆக, அலெக்சா உயர்திணை என்றால் கூப்பிட முடியாத பெயர்! அது எழாததற்கு அமெரிக்கப் பொறியாளரைக் குறைசொல்வது நியாயமன்று. அஃறிணை என்று கொண்டால் ஏகாரம் சேர்த்து 'அலெக்சாவே' எனலாம். ஆனால் அந்தப் பணிவான குரலை அஃறிணை என்று சொல்ல மனம் வரவில்லை. சிரி இகர ஈறாதலின் 'சிரீ' என நீளும். கூகுள் ளகர ஈறு; மக்கள் மக்காள் ஆவதுபோல் ஈற்றயல் நீண்டு 'கூகூள்' ஆக வேண்டும். இப்படிக் கூப்பிட்டால் எழுமா என்பது வேறு வினா. இலக்கணம் தன் கடமையைச் செய்துவிட்டது.

உண்மையான சிக்கல் வேறொரு விதியில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரை விளித்தால் பெயர் இயல்பாகவே நிற்கும். தொலைவில் இருப்பவரை விளித்தால் எந்தப் பெயரும் தன் மாத்திரையைக் கடந்து நீளும். அடுப்படியில் குக்கர் விசிலுக்கு நடுவே நின்று கூப்பிடும் தமிழர் எவரும் 'அலெக்சா' என்று கத்தரித்துச் சொல்லமாட்டார். 'அலெக்சாஆஅ' என்பார். கருவிக்கு இது புரியாது; முதல்முறை எழாது. நாம் என்ன செய்வோம்? எழாதவர் தொலைவில் இருக்கிறார் என்பது நம் மரபு. ஆகவே இன்னும் நீட்டுவோம். நீட்ட நீட்டச் சொல் பழகிய வடிவிலிருந்து விலகும், விலக விலகக் கருவி அமைதியாகும். இதை 'அளபெடைச் சுழல்' என்று பெயரிட இவ்வாய்வு துணிகிறது.

முன்னொட்டுகளையும் மறக்கலாகாது. 'ஏட்டி' என்று தொடங்கும் நெல்லையும் 'ஏனுங்' என்று தொடங்கும் கோவையும், 2017இல் இந்தியாவுக்கு வந்த உருளைக்கு 'இந்திய ஆங்கிலம்' என்ற ஒரே பொட்டலம்.

பிற நாட்டார்க்கும் இத்துயர் உண்டு. விழித்த பிறகு கேட்கும் பேச்சைப் பற்றி 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்ததில், வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை, கறுப்பின மக்கள் பேச்சில் 35. இரு சாராரும் அதே சொற்றொடரைச் சொன்னபோதும் இடைவெளி மறையவில்லை. இந்த இடத்தில் கேலிக்கு இடமில்லை: பழுது வாயில் இல்லை, காதில், அந்தக் காதுக்குப் பாடம் சொன்னவர்கள் யாருடைய குரலைச் சேர்த்தார்கள் என்பதில்.

குறை இப்படி என்றால் மிகை இதைவிடச் சுவையானது. ஜெர்மனியின் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தார் 2020இல் தொலைக்காட்சித் தொடர்களைக் கருவிகளுக்கு ஓடவிட்டு, தவறாக எழுப்பும் சொற்களை 1000க்கு மேல் திரட்டினார்கள். 'எலெக்‌ஷன்' என்றால் அலெக்சா எழுகிறது. 'எ சிட்டி' என்றால் சிரி எழுகிறது. 'ஓகே கூல்' என்றால் கூகுள் எழுகிறது. தேர்தல் மாதத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் அந்த உருளைக்கு உறக்கம் ஏது? 2023இல் ஆப்பிள் 'ஹே சிரி'யில் 'ஹே'யை விட்டு வெறும் 'சிரி' போதும் என்றது. குழம்புச் சட்டியை உடைத்துவிட்டு நிற்கும் பிள்ளையிடம் தாய் சொல்லும் 'ஏய், சிரிக்காதே' என்ற தொடருக்கு எத்தனை கைப்பேசிகள் கலவரப்படும் என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் செய்யலாம்.

வழக்கில் மக்கள் கண்டுள்ள தீர்வு எளியது. உருளைகள் பலவற்றில் இரண்டு கட்டச் சோதனை உண்டு: உள்ளிருக்கும் குட்டி வலைப்பின்னல் முதலில் சந்தேகப்பட்டு எழும், பிறகு பெரிய கணினி சரிபார்க்கும். நம் வீடுகளும் இதே அமைப்பைத் தாமாகவே கண்டுபிடித்துவிட்டன. பாட்டி கருவியைக் கூப்பிடுவதில்லை. 'ஏட்டி' என்று பேத்தியைக் கூப்பிட்டு, 'அதுகிட்ட கந்த சஷ்டி கவசம் போடச் சொல்லு' என்கிறார். பேத்தி அமெரிக்க வாயில் 'லெ'வை ஓங்கி அடிக்க, விளக்கு எரிகிறது. இதிலும் ஒரே ஒரு பழுதுதான் இதுவரை பதிவாகியுள்ளது: பேத்தி ஹெட்போன் மாட்டியிருந்தால் முதற்கட்டமே எழுவதில்லை. அப்போது பாட்டி 'ஏட்டீஇஇ' என்று நீட்டுகிறார். விதிப்படி அது சரியே.