மூன்றாமிடம் உத்தமம்

பாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: சாமியிடம் வேண்டும்போது எத்தனையாவது இடம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘முதலிடம்’ என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

பிரிட்டனில் 2010இல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ பட்டத்தை வென்றவர் மேட் கார்டில். வெற்றிப் பாட்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. 2012இல் அவருக்கும் இசை நிறுவனத்துக்கும் உறவு முறிந்தது. அதே போட்டியில் மூன்றாமிடம் வந்த ஐந்து பையன்கள்தான் ‘ஒன் டைரக்‌ஷன்’. உலகத்து ஸ்டேடியங்கள் அவர்களுக்குப் போதவில்லை.

தப்பு பாடகரிடம் இல்லை. அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் பாடியவர்கள் ஒவ்வொருவரும் வெற்றிப் பாட்டை முன்கூட்டியே பாடிப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர்தான் பாக்கி. அடுத்த ஆண்டு சேனலுக்குப் புது மாப்பிள்ளை வேண்டும்.

தோற்றவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 2004 ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் ஏழாமிடத்தோடு வீட்டுக்குப் போன ஜெனிஃபர் ஹட்சன் கையில் 2007இல் ஆஸ்கர். 2005 ‘ஃபேம் குருகுல்’ நிகழ்ச்சியில் ஓட்டுப் போதாமல் வெளியேறியவர்தான் பின்னாளில் இந்தித் திரையிசையில் கொடிகட்டிப் பறந்த அரிஜித் சிங்.

ஆகவே, பிள்ளைமேல் உண்மையான பாசமிருந்தால் உங்கள் ஓட்டை எதிராளிக்குப் போடுங்கள்.